தோளில் வைத்து ஏவும் ஏவுகணையும் பயணிகள் விமானமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்காவது போர் மூண்டு, ஒரு சிப்பாய் தோளில் குழாயைத் தூக்கி வைத்து ஹெலிகாப்டரைச் சுடுகிற காட்சி தொலைக்காட்சியில் வந்துவிட்டால் போதும், அடுத்த நாள் தெரிந்தவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: "நாம் போகிற விமானத்தையும் இப்படிச் சுட முடியுமா?" முடியும். சுட்டும் இருக்கிறார்கள். ஆனால் அதைத் தடுப்பது எப்படி என்று பேச ஆரம்பித்தால், எல்லார் கவனமும் விமானத்தில் மாட்டுகிற லேசர் கருவி மீதுதான் போகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த ஏவுகணையைப் பிடிக்கச் சரியான இடம் வானம் இல்லை, அது வைக்கப்பட்டிருக்கும் கிடங்கு. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கேள்விகளின் வழியாகவே எழுதுகிறேன்.

இது உண்மையில் என்ன ஆயுதம்?

ஒரே ஆள் தூக்கிக்கொண்டு போய், தோளில் வைத்து, வானத்தில் பறப்பதைச் சுடுகிற ஏவுகணை. ராணுவ வட்டாரத்தில் ‘மேன்பேட்ஸ்’ என்பார்கள். குழாய் ஒன்றரை மீட்டர் நீளம், மொத்தமாகச் சேர்த்தால் 15 முதல் 18 கிலோ எடை. அமெரிக்காவின் ரெட்ஐ, சோவியத் யூனியனின் ஸ்ட்ரெலா-2 இரண்டும் 1960-களின் கடைசியில் படைக்கு வந்தவை. 1980-களில் சோவியத்தின் இக்லாவும் அமெரிக்காவின் ஸ்டிங்கரும் வந்தன. தாழப் பறந்து வந்து குண்டு போடுகிற விமானத்திடமிருந்து தரையில் நிற்கும் சிப்பாய் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள், அந்த வேலையை இன்றும் நன்றாகவே செய்கிறது.

பெரும்பாலான வகைகள் எஞ்சினின் வெப்பத்தைத் தேடிப் போகின்றன. தலைப்பகுதியில் ஒரு ‘கண்’ இருக்கும், அது அகச்சிவப்பு ஒளியைப் பார்க்கும். குறி கிடைத்து ஏவியாகிவிட்டால் ஏவியவர் செய்ய வேறு வேலை இல்லை, ஏவுகணை தானே போகும். வெடிமருந்துப் பகுதி சிறியதுதான், 1 முதல் 3 கிலோ வரை. எட்டும் உயரம் வகைக்கு வகை மாறும், பொதுவாக 10,000 முதல் 15,000 அடி வரை என்று வைத்துக்கொள்ளலாம்.

செய்திகளில் இதையும் ஆர்.பி.ஜி.யையும் ஒன்றாக்கி ‘ராக்கெட் லாஞ்சர்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஆர்.பி.ஜி. என்பது டாங்கியைச் சுடுவதற்கானது, அதற்குக் கண் கிடையாது, நேராகப் போய் விழும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் பாதுகாப்பு பற்றிய பேச்சே தடம் மாறிவிடும்.

மலேசிய விமானத்தை உக்ரைனில் வீழ்த்தியது இதுதானே?

இல்லை. 2014 ஜூலை 17 அன்று எம்.எச்.17 விமானம் 33,000 அடியில் பறந்துகொண்டிருந்தது, 298 பேர் இறந்தார்கள். அதை வீழ்த்தியது ‘பக்’ என்ற பெரிய ஏவுகணை. அதை ஏற்றி வரவே தனி வண்டி வேண்டும், ரேடார் வேண்டும், பயிற்சி பெற்ற குழு வேண்டும். 2020 ஜனவரி 8 அன்று தெஹ்ரானிலிருந்து கிளம்பிய உக்ரைன் விமானம் வீழ்ந்ததும் (176 பேர்) அதேபோல் வண்டியிலிருந்து ஏவப்பட்ட ஏவுகணையால்தான். அந்த மாதிரி ஆபத்துக்கு வழி ஒன்றுதான்: போர் நடக்கும் வான்வெளியை மூடிவிடுவது. தோள் ஏவுகணை வேறு விதம். காரின் பின்பக்கத்தில் வைத்துக் கொண்டுபோகலாம், போர் நடக்காத நாட்டிலும் வந்து நிற்கலாம். பயமே அதில்தான் இருக்கிறது.

இதுவரை எத்தனை பயணிகள் விமானங்கள் அடிபட்டிருக்கின்றன?

1970-களிலிருந்து 40-க்கும் மேற்பட்ட சிவில் விமானங்கள் அடிபட்டன, அவற்றில் ஏறக்குறைய 28 விழுந்தன, 800-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் என்பது அமெரிக்க வெளியுறவுத் துறை நெடுநாளாகச் சொல்லிவரும் கணக்கு. இதில் சரக்கு விமானம், சிறிய விமானம், வாடகைக்கு எடுத்த விமானம் எல்லாம் சேரும். பெரும்பாலானவை போர் நடந்த இடங்களில் நடந்தவை.

எண்ணிக்கையாகச் சொன்னால் மனதில் நிற்காது, அதனால் சிலவற்றைச் சொல்கிறேன். 1978 செப்டம்பர் 3, அன்றைய ரொடீசியாவில் (இன்றைய ஜிம்பாப்வே) கரிபாவிலிருந்து தலைநகருக்குக் கிளம்பிய விஸ்கவுன்ட் விமானம், உள்ளே 56 பேர். ஸ்ட்ரெலா-2 பட்டு விழுந்தது. விழுந்ததில் 18 பேர் உயிர் பிழைத்தார்கள், அவர்களில் 10 பேரைத் தரையில் ஆயுதத்தோடு வந்தவர்கள் சுட்டுக் கொன்றார்கள். ஐந்து மாதம் கழித்து, அதே பாதையில், அதே வகை விமானம், 59 பேர், யாரும் பிழைக்கவில்லை. 1986-ல் சூடானின் மலகால் நகரிலிருந்து கிளம்பிய ஃபோக்கர் விமானத்தில் 60 பேர் இறந்தார்கள். 1993 செப்டம்பரில் ஜார்ஜியா நாட்டின் அப்காசியா பகுதியில் உள்ள சுகுமியில் அடுத்தடுத்த நாட்களில் விமானங்கள் சுடப்பட்டன, அதில் ஒரு டியு-154-ல் இருந்த 132 பேரில் 108 பேர் இறந்தார்கள்.

1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குக் கிளம்பிய லயன்ஏர் அன்டனோவ் விமானமும் இந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. 55 பேரும் இறந்தார்கள், பயணிகள் பெரும்பாலும் யாழ்ப்பாணத் தமிழர்கள். விடுதலைப் புலிகள் ஏவிய ஏவுகணை என்றது இலங்கை அரசு. சிதைவுகள் இரணைதீவுப் பக்கம் கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டது 2012-ல், அதாவது பதினான்கு வருடம் கழித்து. அத்தனை வருடமும் உடலைக்கூடப் பார்க்காமல் காத்திருந்த குடும்பங்களை நினைக்காமல் என்னால் இந்தப் பட்டியலைத் தாண்டிப் போக முடிவதில்லை.

பெரிய ஜெட் விமானத்தை, போர் நடக்காத நாட்டில், சுட்டது உண்டா?

உண்டு. உலகத்தை உலுக்கியது அதுதான். 2002 நவம்பர் 28 காலை, கென்யாவின் மொம்பாசா. அர்கியா என்ற இஸ்ரேலிய நிறுவனத்தின் போயிங் 757 டெல் அவிவுக்குக் கிளம்புகிறது, உள்ளே 271 பேர், விடுமுறை முடிந்து வீடு திரும்புகிறவர்கள். கிளம்பிய சில நொடிகளில் இரண்டு ஸ்ட்ரெலா ஏவுகணைகள் விமானத்தை ஒட்டிக் கடந்து போயின. இரண்டும் தவறின. விமானிகள் நிலைமையைச் சரிபார்த்துவிட்டு மொம்பாசாவுக்குத் திரும்பாமல் நேராக இஸ்ரேலுக்கே ஓட்டிக்கொண்டு போனார்கள், கடைசிக் கட்டத்தில் போர் விமானங்கள் துணைக்கு வந்தன. ஏறக்குறைய அதே நேரத்தில் அங்கே ஒரு விடுதியில் வெடிகுண்டு வெடித்து 13 பேர் இறந்தார்கள், அதில் 10 பேர் கென்யர்கள்.

எனக்கு இந்தச் சம்பவத்தில் மிக முக்கியமாகப் படுவது ஏவுகணை தவறியது அல்ல, அது வந்த வழி. ஏவிவிட்டுப் போட்டுவிட்டுப் போன குழாய்களில் எண்கள் இருந்தன. ஐ.நா. நிபுணர் குழு அந்த எண்களைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனது. ஏவுகணைகள் 1978-ல் சோவியத் யூனியனில் செய்யப்பட்டவை, ஏவுகருவி 1993-ல் பல்கேரியாவில் செய்யப்பட்டது, 1994-ல் ஏமனுக்குப் போனது, அங்கிருந்து சோமாலியா, அங்கிருந்து கடல் வழியாகக் கென்யா. ஒரு அரசு முறையாக விற்று, இன்னொரு அரசு முறையாக வாங்கிய பொருள் அது. நடுவில் எங்கோ ஒரு கிடங்கில் கணக்கு விட்டுப்போனது, அவ்வளவுதான். அந்த ஒரு விடுபடலின் மறுமுனையில் 271 பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

அடிபட்டால் விமானம் கட்டாயம் விழுந்துவிடுமா?

கட்டாயம் இல்லை. வெடிமருந்து சிறியது, பெரிய விமானத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட எஞ்சின், ஒன்றுக்கு மேற்பட்ட ஹைட்ராலிக் அமைப்பு (திரவ அழுத்தத்தால் விமானத்தின் கட்டுப்பாட்டுப் பாகங்களை அசைப்பது). எஞ்சினோடு சேதம் நின்றுவிட்டால் மற்றொரு எஞ்சினில் இறங்கிவிடலாம், அதற்கு விமானிகள் பயிற்சி எடுத்தவர்கள்தான். எரிபொருள் தொட்டியிலோ இறக்கையின் கட்டுப்பாட்டுப் பகுதியிலோ பட்டால்தான் சிக்கல்.

2003 நவம்பர் 22, பாக்தாத். டி.எச்.எல். சரக்கு விமானம், ஏர்பஸ் ஏ300, மூன்று பேர் மட்டும் உள்ளே. 8,000 அடியில் இடது இறக்கையில் ஏவுகணை பட்டது. இறக்கை எரிய ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் மூன்று ஹைட்ராலிக் அமைப்பும் காலி. இதன் பொருள் என்னவென்றால், விமானி கையில் பிடித்திருக்கும் கட்டுப்பாடு எதற்கும் விமானம் கட்டுப்படாது. இழுத்தாலும் திருப்பினாலும் ஒன்றும் நடக்காது. மிச்சம் இருந்தது எஞ்சின்களின் உந்துவிசை மட்டும். இரண்டையும் கூட்டினால் மூக்கு மேலே போகும், குறைத்தால் கீழே வரும், ஒன்றைக் கூட்டி இன்னொன்றைக் குறைத்தால் பக்கவாட்டில் திரும்பும், அதுவும் சொன்னவுடனே இல்லை, சில நொடி தாமதித்து. பறந்துகொண்டே இதைப் புதிதாகக் கற்றுக்கொண்டார்கள். சக்கரங்களைத் தம் எடையாலேயே கீழே விழவைத்தார்கள். இடது தொட்டியிலிருந்து எரிபொருள் ஒழுகிக்கொண்டிருந்தது, பொறியாளர் வலது தொட்டியிலிருந்து இடது எஞ்சினுக்கும் ஊட்டினார். ஓடுபாதையில் இறங்கி, பக்கவாட்டில் விலகி மணலுக்குள் போய், முள்கம்பிகளை இழுத்துக்கொண்டு நின்றது. மூன்று பேரும் தப்பினார்கள்.

இந்தக் கதையை எத்தனை தடவை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கும். ஆனால் ‘பார்த்தீர்களா, அடிபட்டாலும் தப்பிக்கலாம்’ என்று இதை ஆதாரமாகக் காட்டுவது சரியில்லை. அன்று அந்த மூவருக்கும் திறமையோடு அதிர்ஷ்டமும் சேர்ந்தது.

அப்படியென்றால் விமானத்தை வடிவமைக்கும்போதே ஏதாவது செய்ய முடியாதா?

செய்து பார்த்திருக்கிறார்கள். ரொடீசியாவில் இரண்டாவது விமானமும் விழுந்த பிறகு மீதமிருந்த விஸ்கவுன்ட்களின் புகைபோக்கிக் குழாய்களுக்கு உறை மாட்டி, வெப்பத்தைக் குறைவாக வெளிவிடும் வண்ணம் பூசினார்கள். பயணிகள் விமானத்தை ஏவுகணையிடமிருந்து காக்கச் செய்த ஆரம்பகால ஏற்பாடுகளில் ஒன்று அது. இன்றைய பெரிய ஜெட் எஞ்சின்களில் அந்த வழி அவ்வளவு எளிதில்லை.

இன்னொரு பக்கம், எஞ்சின் விசையை வைத்தே விமானத்தை இறக்கும் கணினி மென்பொருளை நாசா உருவாக்கி, 1995-ல் ஒரு எம்.டி.-11 விமானத்தை அப்படி இறக்கியும் காட்டியது. பாக்தாத்தில் மூன்று பேர் கையால் செய்ததைக் கணினி செய்யும். இது ஏவுகணைக்கு மட்டுமல்ல, எந்தக் காரணத்தால் ஹைட்ராலிக் போனாலும் உதவும். விமானங்களில் இது பொதுவாக வராமல் போனது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

விமானத்தில் மாட்டுகிற பாதுகாப்புக் கருவிகள் எப்படி வேலை செய்கின்றன?

இரண்டு வகை. ஒன்று ஃபிளேர். எரியும் பொருளை விமானம் வெளியே தள்ளும், ஏவுகணையின் கண் எஞ்சினை விட்டுவிட்டு அதைத் துரத்தும். ராணுவ விமானங்களில் பல காலமாக இருப்பது. மொம்பாசாவுக்குப் பிறகு இஸ்ரேல் தன் பயணிகள் விமானங்கள் சிலவற்றில் இந்த வகைக் கருவியைப் பொருத்தியது, ஐரோப்பாவில் சில நாடுகள் எதிர்ப்புத் தெரிவித்தன. எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. தவறான எச்சரிக்கையில் ஃபிளேர் வெளியே வந்தால் எரியும் பொருள் நகரத்தின் மேல் விழும். புதிய வகை ஏவுகணைகளின் கண்ணும் ஃபிளேரைப் பார்த்து அவ்வளவு சீக்கிரம் ஏமாறுவதில்லை.

இரண்டாவது லேசர். விமானத்தின் வயிற்றுப்பக்கத்தில் உணரிகள் இருக்கும், ஏவுகணை கிளம்பும்போது வரும் தழலை அவை கண்டுபிடிக்கும், உடனே ஒரு சிறிய கோபுரம் அந்தப் பக்கம் திரும்பி ஏவுகணையின் கண்ணுக்குள்ளேயே லேசரைப் பாய்ச்சும். அது ஏவுகணையைச் சுட்டு வீழ்த்துவதில்லை, குழப்பிவிடுகிறது. எஞ்சின் எங்கே இருக்கிறது என்று ஏவுகணை தவறாகக் கணக்குப் போட்டு விலகிப் போய்விடும். மனிதர் யாரும் பொத்தான் அழுத்துவதில்லை, சில நொடிகளுக்குள் எல்லாம் முடிந்துவிடும். இஸ்ரேல் 2014-ல் இந்த மாதிரி ஒரு கருவியின் சோதனை வெற்றி என்று அறிவித்தது. அமெரிக்காவிலும் ஃபெடெக்ஸ் சரக்கு விமானங்களிலும், 2008-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் 767 விமானங்களிலும் பொருத்திப் பறந்து பார்த்தார்கள்.

வெப்பத்தைத் தேடாத வகையும் இருக்கிறது. ஸ்வீடனின் ஆர்.பி.எஸ்.70, பிரிட்டனின் ஸ்டார்ஸ்ட்ரீக் இரண்டும் ஏவுபவர் காட்டும் லேசர் கற்றையைப் பிடித்துக்கொண்டு போகிறவை. கண்ணைக் குழப்பும் கருவிக்கு அவற்றிடம் வேலை இல்லை. ஆனால் அவற்றை இயக்க நல்ல பயிற்சி வேண்டும், எண்ணிக்கையும் குறைவு.

நல்ல கருவிதானே, பிறகு ஏன் எல்லா விமானத்திலும் மாட்டவில்லை?

பணம் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம், ஆனால் அந்தப் பணத்தின் கணக்கைப் பார்க்க வேண்டும். 2005-ல் ராண்ட் ஆய்வு நிறுவனம் அமெரிக்காவின் 6,800 பயணிகள் விமானங்களுக்குக் கணக்குப் போட்டது. பொருத்த 1,100 கோடி டாலர், அப்புறம் வருடா வருடம் பராமரிக்க 210 கோடி டாலர். அந்தச் சமயத்தில் அமெரிக்க அரசு போக்குவரத்துப் பாதுகாப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்துச் செலவு செய்ததில் ஏறக்குறைய பாதி அது. அதே ஆய்வு, ஒரு விமானம் வீழ்ந்து விமானப் போக்குவரத்தே ஒரு வாரம் நின்றுபோனால் பொருளாதார இழப்பு ஆயிரம் கோடி டாலரைத் தாண்டும் என்றும் சொன்னது. ஆனாலும் இப்போதே எல்லாவற்றிலும் மாட்டுங்கள் என்று பரிந்துரைக்கவில்லை.

காரணம் கருவியின் நம்பகத்தன்மை. ராணுவ விமானம் சில மணி நேரம் பறக்கும், இறங்கியதும் ஆள் கூட்டமாக வந்து சரிபார்க்கும். பயணிகள் விமானம் ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பறக்கும், ஒரு பாகம் பழுதானால் விமானமே தரையில் நிற்கும். கூடவே எடை, காற்றுத் தடை, அதனால் கூடும் எரிபொருள். இன்னொன்றும் உண்டு: இப்படிப்பட்ட கருவி ராணுவத் தொழில்நுட்பம், எந்த நாட்டு விமான நிலையத்திலும் யார் வேண்டுமானாலும் கழற்றிப் பார்க்கட்டும் என்று விட முடியாது.

அச்சுறுத்தல் அதிகம் உள்ள ஒரு சில தடங்களில், ஆபத்தான இடங்களுக்குப் போகும் நிவாரண விமானங்களில் இவை இருக்கத்தான் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உலகத்தின் ஒவ்வொரு விமானத்திலும் என்பது வேறு பேச்சு. பணக்கார நாட்டு விமானம் மட்டும் கவசத்தோடு பறந்தால் சுட நினைப்பவன் கவசம் இல்லாத அடுத்த விமானத்தைப் பார்ப்பான்.

விமான நிலையத்தைச் சுற்றி வேலி போட்டுக் காவல் வைத்தால் போதாதா?

உதவும், போதாது. ஆபத்து இருக்கும் பகுதி நிலையத்தின் வேலிக்குள் அடங்குவதில்லை, ஓடுபாதைக்கு முன்னும் பின்னும் பல கிலோமீட்டருக்கு வீடு, சாலை, வயல், கடல் என்று விரிகிறது. 2003 பிப்ரவரியில் லண்டன் ஹீத்ரோவைச் சுற்றி 450 ராணுவ வீரர்களைக் கவச வண்டிகளோடு நிறுத்தினார்கள். எத்தனை நாள் அப்படி நிறுத்தி வைக்க முடியும்?

நடைமுறையில் பலன் தருவது வேறு. நிலையத்தைச் சுற்றியுள்ள இடங்களை நிபுணர்கள் முன்கூட்டியே ஆராய்ந்து வைப்பது, ரோந்தை நேரம் மாற்றி மாற்றிப் போவது, உள்ளூர்க் காவல்துறைக்கும் அக்கம்பக்கத்து மக்களுக்கும் இந்தக் குழாய் எப்படி இருக்கும் என்று படம் காட்டிச் சொல்லித் தருவது. ஓடுபாதை அருகே வயலில் வேலை செய்கிறவருக்கும் மீன் பிடிக்கப் போகிறவருக்கும் அந்த இடத்தில் எது வழக்கம், எது புதிது என்று எந்தக் கேமராவையும் விட நன்றாகத் தெரியும். அவர்கள் யாருக்கு போன் செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

எந்த இடத்திலிருந்து சுடுவார்கள், எது பலவீனமான இடம்?

இதற்கு எழுத மாட்டேன். தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும்.

விமானி வளைத்து நெளித்துத் தப்பிக்க முடியாதா?

பயணிகள் விமானத்தில் முடியாது. பின்னால் வருவது தெரியவே வராது, தெரிந்தாலும் அதன் வேகத்துக்கு முன் இந்தப் பெரிய உடம்பு ஒன்றும் செய்ய முடியாது. முன்கூட்டியே செய்யக்கூடியது ஒன்று உண்டு: பாக்தாத் போன்ற இடங்களில் விமானங்கள் உயரத்திலேயே நிலையத்துக்கு நேர் மேலே வந்து, சுழல் சுழலாக இறங்கின. தாழப் பறக்கும் நேரமும் தூரமும் குறையும். பயணிகளுக்கு வயிற்றைக் கலக்கும், விமானிக்குத் தனிப் பயிற்சி வேண்டும், நெரிசலான நிலையங்களில் நடக்காத காரியம்.

உயரத்தில் பறக்கும்போது பயம் இல்லையா?

இந்த ஆயுதத்தால் இல்லை. 2015 அக்டோபர் 31-ல் சினாய் மேலே ரஷ்யப் பயணிகள் விமானம் சிதறி 224 பேர் இறந்தபோது ‘நாங்கள்தான் வீழ்த்தினோம்’ என்று ஐ.எஸ். பயங்கரவாத அமைப்பு சொன்னதும் தோள் ஏவுகணையோ என்ற பேச்சு கிளம்பியது. விமானம் 31,000 அடியில் இருந்தது, அந்த உயரத்துக்கு இது எட்டாது என்று நிபுணர்கள் உடனே சொன்னார்கள். உள்ளே வைக்கப்பட்ட வெடிகுண்டு என்று பிறகு ரஷ்யாவே அறிவித்தது.

அதனால்தான் மாலி போன்ற இடங்களுக்கு அமெரிக்க விமானத் துறை கொடுத்த அறிவிப்புகளில் ‘26,000 அடிக்குக் கீழே பறக்காதே’ என்று எல்லை வைத்தார்கள். ஏவுகணை எட்டும் உயரத்துக்கு மேலே தாராளமாக இடம் விட்டு வைத்த கோடு அது, மலைப்பகுதியில் நின்று ஏவினால் கூடுகிற உயரமும் அதில் அடங்கும். கிளம்பும்போதும் இறங்கும்போதும் இந்த விதி உதவாது, அந்த நேரத்துக்கு அந்த நிலையத்துக்கே போவதா வேண்டாமா என்ற முடிவுதான் பாதுகாப்பு.

இவை தவறான கைகளுக்கு எப்படிப் போகின்றன?

மூன்று வழி. அரசே வேண்டுமென்று கொடுப்பது, கிடங்கிலிருந்து திருடு போவது, ஆட்சி கவிழும்போது கொள்ளை போவது. உலகம் முழுக்க இதுவரை பத்து லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. பெரும்பகுதி அரசுகளின் கையில் பத்திரமாகத்தான் இருக்கிறது.

1986-ல் ஆப்கானிஸ்தானில் சோவியத் படையை எதிர்த்தவர்களுக்கு அமெரிக்கா ஸ்டிங்கர் கொடுத்தது. போர் முடிந்ததும் மிச்சத்தைத் திரும்ப வாங்க அதே அமெரிக்கா தனி நிதி ஒதுக்கி ஆளைத் தேடி அலைந்தது, எல்லாம் திரும்பி வரவில்லை. லிபியாவில் கடாஃபி ஆட்சி வாங்கிக் குவித்தது சுமார் 20,000 என்று அமெரிக்க அதிகாரிகள் கணக்குச் சொன்னார்கள். 2011-ல் ஆட்சி கவிழ்ந்தபோது கிடங்குக் கதவுகள் திறந்து கிடந்தன, யார் வேண்டுமானாலும் உள்ளே போய் எடுத்தார்கள். ஐ.நா. பாதுகாப்பு மன்றம் அந்த அக்டோபரில் இதற்காகவே ஒரு தீர்மானம் போட வேண்டியிருந்தது. அடுத்த வருடத்துக்குள் சுமார் 5,000 ஏவுகணைகளைக் கைப்பற்றியோ அழித்தோ கணக்கில் கொண்டு வந்தார்கள். மீதியில் நிறைய வெடித்து நாசமாகியிருக்கும், சில எல்லை தாண்டியிருக்கும். 2022-க்குப் பிறகு உக்ரைனுக்கு ஆயிரக்கணக்கில் போயிருக்கின்றன. அந்த நாட்டுக்கு அவை தேவை என்பதை நான் மறுக்கவில்லை. போர் முடிகிற அன்று ஒவ்வொரு குழாயும் எங்கே என்று எண்ணிப் பார்க்க ஆள் இருக்க வேண்டும் என்பதைத்தான் சொல்கிறேன்.

சரி, கிடங்கில் என்ன செய்ய வேண்டும்?

புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, எழுதியே வைத்திருக்கிறார்கள். ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்காக இருக்கும் வாஸனார் ஏற்பாட்டில் உள்ள நாடுகள் 2000-ல் தோள் ஏவுகணைக்கென்றே விதிகள் வகுத்து, 2003-ல் இறுக்கின. அவற்றைப் படித்தால் வங்கி லாக்கரை நடத்துவது போல இருக்கும். ஏவுகணை ஒரு இடத்தில், விசை இருக்கும் கைப்பிடிப் பகுதி போதிய தூரத்தில் இன்னொரு இடத்தில், ஒரு கிடங்கை உடைத்தால் இரண்டும் சேர்ந்து கிடைக்காதபடி. இருபத்து நான்கு மணி நேரக் காவல். உள்ளே போக அனுமதி பெற்ற இரண்டு பேர் சேர்ந்து இருந்தாக வேண்டும், ஒருவர் தனியாகப் போக முடியாது. மாதம் ஒரு முறை எல்லாவற்றையும் நேரில் எண்ண வேண்டும். பயன்படுத்தியது, சேதமானது எதுவானாலும் வரிசை எண்ணோடு கணக்குக் காட்ட வேண்டும். அரசு அல்லாத யாருக்கும் விற்கக் கூடாது.

நேரில் எண்ணுவது என்றால் பெட்டியை எண்ணுவது இல்லை. பெட்டியைத் திறந்து குழாயில் பொறித்திருக்கும் எண்ணைப் படித்து, ஏட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டு, கையெழுத்துப் போடுவது. சலிப்பான வேலை, பத்தாவது மாதம் செய்யும்போது யாருக்கும் கை தளரும். ஆனால் மொம்பாசாவுக்குப் போன வழியில் எங்காவது ஒரு கிடங்கில் ஒருவர் இந்த வேலையை ஒழுங்காகச் செய்திருந்தால் குழாய் காணாமல் போனது அந்த மாதமே தெரிந்திருக்கும். லேசர் கருவிக்குக் கேட்கும் தொகையில் மிகச் சிறு பங்கு போதும், ஏழை நாடுகளின் கிடங்குகளுக்குக் கதவும் விளக்கும் பூட்டும் பயிற்சியும் கொடுத்துவிடலாம்.

அழித்துவிடலாமே?

உபரியாக இருப்பதை அழிப்பதுதான் எல்லாவற்றையும் விட நல்லது, நடந்தும் வருகிறது. 2003-லிருந்து அமெரிக்க உதவியோடு பல நாடுகள் 30,000-க்கும் அதிகமானவற்றை அழித்திருக்கின்றன. கம்போடியா 2004-ல் தன்னிடமிருந்த 233-ஐயும் அழித்தது. தயங்குகிற நாடுகளும் உண்டு. பக்கத்து நாட்டோடு பகை இருக்கும்போது கையில் இருப்பதை விட ராணுவங்களுக்கு மனம் வராது. அங்கே பாதுகாப்பாக வைக்க உதவுவதுதான் வழி.

பழைய ஏவுகணை தானாகவே கெட்டுப் போய்விடாதா?

பேட்டரிதான் முதலில் போகும். ஏவும்போது ஒரு சிறிய பேட்டரி ஒரு நிமிடத்துக்கும் குறைவாக உயிர் கொடுக்கும், பாலைவனச் சூட்டிலும் ஈரத்திலும் கிடந்தால் அது செத்துவிடும். இதை நம்பிக் கவலையை விட்டுவிடலாம் என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மொம்பாசாவில் ஏவப்பட்டவை 24 வயதானவை. குறி தவறின, ஆனால் குழாயை விட்டுக் கிளம்பின.

திருடியவன் பயன்படுத்த முடியாதபடி உள்ளேயே ஒரு பூட்டு வைக்க முடியாதா?

புதிதாக வடிவமைப்பவற்றில் அப்படி ஏவுதலைக் கட்டுப்படுத்தும் வசதி வேண்டும் என்று வாஸனார் விதிகளே சொல்கின்றன. ஏற்கெனவே உலகத்தில் கிடக்கும் லட்சக்கணக்கான பழையவற்றுக்கு அது பொருந்தாது. ராணுவங்களும் தயங்குகின்றன, அவசரத்தில் தன் சிப்பாய்க்கே திறக்காமல் போனால் என்ன செய்வது என்று.

விற்பவர்களைப் பிடிக்கிறார்களா?

பிடிக்கிறார்கள். 2003 ஆகஸ்டில் பிரிட்டனைச் சேர்ந்த ஒரு ஆயுதத் தரகர் பயணிகள் விமானத்தைச் சுடுவதற்கென்று கேட்டவர்களுக்கு இக்லா விற்க முயன்று அமெரிக்காவில் நியூவர்க் அருகே கைதானார். வாங்க வந்தவர் போலீஸின் ஆள், ஏவுகணை ரஷ்யாவிலிருந்து வந்த வெடிக்காத மாதிரி. அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன் மூன்றும் சேர்ந்து விரித்த வலை. 47 வருடத் தண்டனை. இன்று அந்த மூன்று நாடுகளும் அப்படி உட்கார்ந்து வேலை செய்யும் நிலையில் இல்லை, அது எல்லாருக்கும் நஷ்டம்.

பயணியாக நான் என்ன செய்யலாம்?

பயந்து பயணத்தை நிறுத்த வேண்டாம். போர் நடக்காத இடங்களுக்கு இடையே பறக்கும் ஒருவருக்கு இந்த ஆபத்து மிக மிகக் குறைவு. போர் நடக்கும் பகுதிக்கோ அதன் ஓரத்துக்கோ போகிறீர்கள் என்றால், டிக்கெட் எடுப்பதற்கு முன் அந்த நிலையத்துக்குப் பெரிய நிறுவனங்கள் இன்னும் பறக்கின்றனவா என்று பாருங்கள். பல நிறுவனங்கள் ஒரே வாரத்தில் நிறுத்தியிருந்தால் அவர்களுக்கு ஏதோ தகவல் வந்திருக்கிறது, அங்கே மட்டும் மலிவாக டிக்கெட் தருகிற ஒன்றை நம்பி ஏறாதீர்கள். விமான நிலையத்துக்கு அருகில் குடியிருப்பவர் என்றால், பச்சை நிறத்தில் ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவான குழாய், ஒரு முனையில் கைப்பிடி, இப்படி எதையாவது புதரிலோ வண்டியிலோ கண்டால் தொடாமல், படம் எடுக்க நெருங்காமல், விலகி வந்து காவல்துறைக்கு உடனே சொல்லுங்கள். ஏற்கெனவே ஏவிய காலிக் குழாயாக இருந்தாலும் சொல்லுங்கள். அதில் ஒரு எண் இருக்கும்.